ரீஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ஒரு நிமிஷம்

டேட்டாபேஸ் சர்வர் 'ஹேங்' ஆனதும் முதல் வேலையாக அதை ரீஸ்டார்ட் செய்கிற பழக்கத்தை நம் ஆட்கள் விட்டாக வேண்டும். இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். "பண்ணினா சரியாயிடுதே, அப்புறம் என்ன?" என்பார்கள். சரியாகிவிடுவதுதான் தொல்லையே. அந்த நேரத்தில் எந்த செஷன் (சர்வரோடு திறந்திருக்கும் ஒரு இணைப்பு) எதைத் தடுத்துக்கொண்டு நின்றது என்ற விவரம் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் மட்டும்தான் இருக்கிறது. ரீஸ்டார்ட் அடித்த கையோடு அது போய்விடும். அடுத்த வாரம் மறுபடி ஹேங், மறுபடி ரீஸ்டார்ட். கொஞ்ச நாள் கழித்து "ரேம் பத்தல சார்" என்று முதலாளி மேசையில் ஒரு கொட்டேஷன் வரும்.

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்ற இரண்டு டேட்டாபேஸ் மென்பொருளையும் சின்ன, நடுத்தர நிறுவனங்களுக்குப் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. அந்த அளவு இடங்களில் டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) என்று தனியாக ஆள் கிடையாது. பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிய பையனே சர்வரையும் பார்த்துக்கொள்வான், சில இடத்தில் பிரிண்டரையும். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு வருகிற போன் எல்லாம் "எப்ப சரியாகும்?" என்பதுதான், "ஏன் நின்னுச்சு?" என்று யாரும் கேட்பதில்லை. அவனிடமிருந்து எனக்கு வரும் போன் கிட்டத்தட்ட எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்.

"அண்ணா, டிபி ஹேங் ஆயிடுச்சு."

"சிபியு எவ்வளவு காட்டுது?"

"நாலு பர்சன்ட்ணா."

"டிஸ்க்?"

"அது சும்மாதான்ணா இருக்கு. அதான் புரியல."

புரிய வேண்டிய இடமே அதுதான். சிபியு சும்மா இருக்கிறது, டிஸ்க் சும்மா இருக்கிறது, ஆனால் ஒரு பில்கூடப் போடமுடியவில்லை என்றால் சர்வருக்குச் சக்தி போதவில்லை என்று எப்படி அர்த்தம் ஆகும்? எல்லா கனெக்‌ஷனும் எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். இந்த நிலையில் ரேமை இரட்டிப்பாக்கினால் அதே காத்திருப்பு கொஞ்சம் விலை உயர்ந்த மெஷினில் நடக்கும், அவ்வளவுதான்.

எதற்குக் காத்திருக்கிறது? நான் பார்த்த வரையில் அடிக்கடி வரும் குற்றவாளி ஒரு திறந்த ட்ரான்ஸாக்‌ஷன். ட்ரான்ஸாக்‌ஷன் என்றால் ஒன்றாக முடிய வேண்டிய வேலைகளின் கட்டு; முடியும்வரை அது மாற்றிய டேபிள் வரிகள் பூட்டியிருக்கும். யாரோ 'பிகின்' (தொடங்கு) சொல்லிவிட்டு 'கமிட்'டோ (உறுதிசெய்) 'ரோல்பேக்'கோ (ரத்துசெய்) சொல்லாமல் போய்விட்டார். போஸ்ட்கிரெஸ் இதற்கு 'ஐடில் இன் ட்ரான்ஸாக்‌ஷன்' என்று பெயர் வைத்துத் தனியாகவே காட்டுகிறது. மைஎஸ்க்யூஎல்லில் ப்ராசஸ் லிஸ்ட்டில் வெறும் 'ஸ்லீப்' என்று அப்பாவியாகத் தெரியும். இன்னோடிபியின் (மைஎஸ்க்யூஎல்லுக்குள் டேட்டாவைச் சேமிக்கும் பகுதி) ட்ரான்ஸாக்‌ஷன் பட்டியலையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது தூங்கவில்லை, பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று தெரியவரும்.

இது எப்படி நடக்கிறது என்றால், பெரும்பாலும் சோம்பேறித்தனத்தால் இல்லை, தெரியாமல்தான். டிபீவர் என்ற டேட்டாபேஸ் கருவியில் ஆட்டோ கமிட்டை (ஒவ்வொரு கட்டளையும் தானாக உறுதியாகும் வசதி) அணைத்துவிட்டு ஒரு அப்டேட் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகிறார் ஒருவர். பைத்தானில் போஸ்ட்கிரெஸ்ஸோடு பேச உதவும் சைகோபிஜி2, டேட்டாவைப் படிக்க மட்டும் செய்யும் செலக்ட்டுக்குக்கூடத் தானாகவே ட்ரான்ஸாக்‌ஷனைத் திறந்துவிடும். அதை எழுதியவருக்கே அது தெரியாது. எல்லாவற்றையும்விட மோசமானது, ட்ரான்ஸாக்‌ஷனுக்கு நடுவில் ஓடிபி அனுப்புவதும் பேமென்ட் கேட்வேயைக் கூப்பிடுவதும். வெளியில் இருக்கும் அந்த சர்வர் பதில் சொல்ல அரை நிமிஷம் எடுத்தால், உங்கள் ஸ்டாக் டேபிளின் அந்த வரி அரை நிமிஷம் பூட்டிக் கிடக்கும். தீபாவளி வாரத்தில் அந்த அரை நிமிஷம் போதும்.

வரி அளவில் பூட்டியிருந்தால் அந்த வரியைத் தொடுகிறவர்கள் மட்டும் நிற்பார்கள். டேபிள் அளவில் நிற்பதுதான் கொடுமை. போஸ்ட்கிரெஸ்ஸில் டேபிளுக்கு ஒரு நெடுவரிசை (காலம்) சேர்ப்பது மில்லிசெகண்ட் வேலை. 11-ஆம் பதிப்பிலிருந்து நிலையான டிஃபால்ட் மதிப்போடு சேர்த்தாலும் டேபிளைத் திரும்ப எழுதுவதில்லை. அதை நம்பி வேலை நேரத்திலேயே, டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளையை அடிக்கிறார்கள். அந்த ஆல்டருக்கு அந்த ஒரு நொடி டேபிள் முழுக்கத் தனியாக வேண்டும். அதே டேபிளில் யாரோ ஒரு ரிப்போர்ட் ஓட்டி, ட்ரான்ஸாக்‌ஷனை மூடாமல் விட்டிருந்தால் ஆல்டர் அதன் பின்னால் நிற்கும். ஆல்டர் நின்றுவிட்டால் அதற்குப் பிறகு வரும் சாதாரண செலக்ட்டுகளும் அதன் பின்னால்தான் நிற்க வேண்டும். கல்யாணப் பந்தியில் ஒருவர் மட்டும் எழுந்திருக்காமல் போனில் பேசிக்கொண்டிருக்கிறார், மேசை துடைக்க ஆள் வந்து நிற்கிறார், அவர் துடைக்கும்வரை அடுத்த பந்தியை உள்ளே விடமாட்டார்கள். மற்ற நாற்காலி எல்லாம் காலி, வெளியே நூறு பேர் பசியோடு. மைஎஸ்க்யூஎல்லிலும் 5.5-இல் மெட்டாடேட்டா லாக் (டேபிளின் அமைப்பைக் காக்கும் பூட்டு) வந்ததிலிருந்து இதே கதைதான்.

வெளியே நிற்கும் நூறு பேர்தான் அடுத்த தவறான முடிவுக்குக் கொண்டுபோவார்கள். போஸ்ட்கிரெஸ்ஸின் இயல்பான கனெக்‌ஷன் உச்சவரம்பு 100, மைஎஸ்க்யூஎல்லில் 151. காத்திருப்பவர்கள் சேரச்சேர அது நிறைந்து 'டூ மெனி கிளையண்ட்ஸ்' என்று பிழை வரும். உடனே 100-ஐ 1000 ஆக்குகிறார்கள். காத்திருக்க இன்னும் 900 பேருக்கு இடம் கொடுத்தாயிற்று! போஸ்ட்கிரெஸ்ஸில் ஒவ்வொரு கனெக்‌ஷனும் ஒரு தனி ப்ராசஸ் என்பதால், வராத மெமரி பிரச்சினையும் இப்போது வரும். கனெக்‌ஷன் உண்மையிலேயே அதிகம் தேவையென்றால் முன்னால் ஒரு பிஜிபவுன்சர் (கொஞ்சம் கனெக்‌ஷனைப் பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் மென்பொருள்) வையுங்கள். அந்த எண்ணைத் தொடாதீர்கள்.

சரி, என் உண்மையான சண்டை நம் பையன்களோடு இல்லை. டிஃபால்ட் அமைப்புகளோடுதான். திறந்து வைத்துவிட்டுப் போன ட்ரான்ஸாக்‌ஷனைத் தானாக வெட்டிவிடும் வசதியைப் போஸ்ட்கிரெஸ் 2016-இல் 9.6-இலேயே கொடுத்துவிட்டது, 'ஐடில் இன் ட்ரான்ஸாக்‌ஷன் செஷன் டைம்அவுட்' என்று பெயர். டிஃபால்ட் மதிப்பு பூஜ்யம், அதாவது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இரு. லாக் டைம்அவுட்டும், அதாவது பூட்டுக்குக் காத்திருக்கும் வரம்பும், பூஜ்யம். மைஎஸ்க்யூஎல்லில் வரிப் பூட்டுக்கு 50 வினாடி என்று ஒரு வரம்பாவது உண்டு. மெட்டாடேட்டா லாக்குக்கு எவ்வளவு தெரியுமா? 3,15,36,000 வினாடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், முழுதாக ஒரு வருஷம். சும்மா கிடக்கும் கனெக்‌ஷனை அது 8 மணி நேரம் கழித்துத்தான் துண்டிக்கும். திறந்த ட்ரான்ஸாக்‌ஷனுக்கென்று தனி வரம்பு மைஎஸ்க்யூஎல்லில் இல்லை, அதிலிருந்து பிரிந்த மரியாடிபியில் உண்டு.

இந்த மதிப்புகளை வைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. உலகத்தில் யார் எந்த வேலைக்கு ஓட்டுகிறார்கள் என்று தெரியாதபோது, யாருடைய வேலையையும் பாதியில் வெட்டாமல் இருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு. ஆனால் உங்கள் சர்வரில் என்ன ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியுமே! ஒரு பில் போட ஒரு வருஷம் காத்திருக்கிற கவுண்டர் எங்கே இருக்கிறது?

உடனே தெரியாத சேதம் ஒன்றும் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் ஒரு வரியை அப்டேட் செய்யும்போது பழையதை அழிக்காது. புதிய பிரதி எழுதி, பழையதை யாருக்கும் தேவையில்லை என்று ஆனபிறகு வேக்யூம் என்ற துப்புரவு வேலை வந்து கூட்டும். ஒரு வரியாவது எழுதிவிட்டுத் திறந்து கிடக்கும் ட்ரான்ஸாக்‌ஷன் இருந்தால், அதற்குப் பிறகு செத்த வரிகளை வேக்யூமால் எடுக்க முடியாது. வேக்யூம் ஓடும், வந்து பார்க்கும், போகும். டேபிள் வீங்கும். மைஎஸ்க்யூஎல்லில் வெறும் செலக்ட்டே போதும், ஏனென்றால் அதன் இயல்பான நிலை 'ரிப்பீட்டபிள் ரீட்', முதலில் பார்த்த டேட்டாவையே கடைசிவரை காட்டியாக வேண்டும். ஹிஸ்டரி லிஸ்ட் லெங்த், அதாவது இன்னும் கூட்டித் தள்ளாத பழைய மாற்றங்களின் எண்ணிக்கை, லட்சக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும், அதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

வேக்யூம் ரொம்பவும் பின்தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் இரண்டு உண்டு. 2015 ஜூலையில் மென்பொருள் பிழைகளைக் கண்காணிக்கும் சென்ட்ரி, 2019 பிப்ரவரியில் மெயில்சிம்ப்பின் மின்னஞ்சல் சேவையான மாண்ட்ரில். போஸ்ட்கிரெஸ்ஸின் ட்ரான்ஸாக்‌ஷன் எண் 32 பிட். மொத்தம் சுமார் 430 கோடி, அதில் பாதியைத்தான் 'கடந்தகாலம்' என்று கணக்கில் கொள்ளமுடியும். பழைய வரிகளை வேக்யூம் 'ஃப்ரீஸ்' (எண்ணைப் பார்க்காமலே பழையது என்று முத்திரை குத்துவது) செய்யாமல் அந்தப் பாதியை நெருங்கினால், டேட்டா கெடாமல் இருக்க சர்வர் எழுதும் வேலையையே நிறுத்திவிடும். இரண்டு இடத்திலும் அதுதான் நடந்தது. அங்கே காரணம் ஆட்டோவேக்யூம் வேலைப்பளுவுக்கு ஈடுகொடுக்காதது. திறந்த ட்ரான்ஸாக்‌ஷன் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மறந்துபோன ஒரு ட்ரான்ஸாக்‌ஷன் உங்களை அதே பள்ளத்தை நோக்கித் தள்ளும். அதற்கு முன்பே சர்வர் லாகில் (நடந்ததைப் பதியும் ஃபைல்) எச்சரிக்கை எழுதும். லாகை யார் படிக்கிறார்கள்?

காத்திருப்பைப் புரிந்துகொள்ளாததால் வந்த பேரழிவு என்றால் எனக்கு ப்ரோக்ராம் கோட் சேமிக்கும் தளமான கிட்லேப்பின் சம்பவம்தான் நினைவுக்கு வரும். 2017 ஜனவரி 31. ப்ரைமரி என்ற முதன்மை சர்வரின் நகலான ரெப்ளிகா பின்தங்கிவிட்டது, அதைப் புதிதாகக் கட்ட ஒரு இன்ஜினியர் ராத்திரியில், முழு நகல் எடுக்கும் பிஜி பேஸ்பேக்கப்பை ஓட்டுகிறார். எந்த வெளியீடும் இல்லை, அப்படியே நிற்கிறது. உண்மையில் அது கெட்டுப்போகவில்லை. ப்ரைமரி டேட்டா அனுப்பத் தொடங்கும்வரை ஒரு வார்த்தை சொல்லாமல் காத்திருப்பது அதன் சுபாவம். அது தெரியாததால், டேட்டா டைரக்டரி ஏற்கெனவே இருப்பதுதான் தொல்லையோ என்று நினைத்து அதை அழிக்கப் போகிறார், ரெப்ளிகாவுக்குப் பதிலாக ப்ரைமரியில். ஓரிரு நொடியில் கவனித்து நிறுத்தும்போது சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். தினசரி எடுத்ததாக நம்பிய டம்ப் (பேக்கப் ஃபைல்), பதிப்புப் பொருத்தமில்லாமல் எப்போதோ நின்றுபோயிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்த ஒரு எல்விஎம் ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்) காப்பாற்றியது. அதன்பிறகு அவர்கள் மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், முழு அறிக்கையும் வெளியிட்டார்கள். நம் ஊரில் ஒரு நிறுவனம் அப்படிச் செய்யுமா? இங்கே 'டெக்னிக்கல் இஷ்யூ' என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள்.

எல்லோரும் இதை 'பேக்கப் பாடம்' என்று சொல்வார்கள். பாடம்தான், மறுக்கவில்லை. எனக்கு உறுத்துவது அதற்கு முந்தைய நிமிடம். ஒரு ப்ரோக்ராம் சும்மா நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று பார்க்காமல் எதையாவது செய்துவிடத் துடிக்கிற அந்தக் கை. ரீஸ்டார்ட் அடிக்கிறதும் அதே கைதான்.

பார்ப்பதற்கு அதிக நேரமும் ஆகாது. போஸ்ட்கிரெஸ் என்றால் எல்லா செஷனையும் பட்டியலிடும் 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி' வியூவைத் திறந்து, ட்ரான்ஸாக்‌ஷன் தொடங்கிய நேரப்படி வரிசைப்படுத்துங்கள். பழையது மேலே வரும். 'பிஜி பிளாக்கிங் பிட்ஸ்' என்ற ஃபங்ஷன், காத்திருப்பவரை யார் தடுக்கிறார்கள் என்று நேராகவே சொல்லிவிடும். ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள்: ஐடில் இன் ட்ரான்ஸாக்‌ஷனில் இருக்கும் செஷனுக்கு நேராகத் தெரியும் க்வெரி அது கடைசியாக ஓட்டியது. பூட்டைப் பிடித்தது அதற்கு முன்னால் ஓடிய வேறு ஏதோவாக இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு "இந்த செலக்ட் எப்படிண்ணா தடுக்கும்?" என்று கேட்டு விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். இன்னொன்று, அந்த செஷனுக்கு 'கேன்சல்' அனுப்பிப் பயன் இல்லை, ரத்து செய்ய அங்கே ஓடும் க்வெரியே கிடையாது. 'டெர்மினேட்'தான் செய்ய வேண்டும். அந்த ஒரு செஷனை வெட்டினால் மற்ற நூறும் நொடியில் நகரும். மொத்த சர்வரையும் இறக்கி ஏற்றியிருந்தால் கேஷ் (மெமரியில் தயாராக இருந்த டேட்டா) காலியாகி அடுத்த அரைமணி நேரம் உண்மையிலேயே ஸ்லோவாக இருந்திருக்கும்.

மைஎஸ்க்யூஎல்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இரண்டு மணி நேரமாக ஓடும் பெரிய அப்டேட்டை வெட்டினால் இன்னோடிபி அதைத் திரும்ப உருட்ட (ரோல்பேக் செய்ய) வேண்டும். அதற்கு ஓடிய நேரத்தைவிட அதிகமாகக்கூட ஆகலாம். பொறுமை இழந்து ரீஸ்டார்ட் அடித்தாலும் தப்பிக்க முடியாது, ஏறி வந்ததும் விட்ட இடத்திலிருந்து உருட்டும்.

ராத்திரி ஒன்பது மணி, கவுண்டரில் கூட்டம், முதலாளி போனில் கத்துகிறார், அப்போது ஆராய்ச்சி செய்ய முடியுமா என்றால், முடியாது. ரீஸ்டார்ட் அடியுங்கள், தப்பில்லை. அதற்கு முன் ஆக்டிவிட்டி வியூவையும் லாக் (பூட்டு) பட்டியலையும் ஒரு ஃபைலில் கொட்டிவிட்டு அடியுங்கள். ஒரு ஸ்கிரிப்ட் எழுதி டெஸ்க்டாப்பில் வைத்துக்கொண்டால் பத்து வினாடி. காலையில் அந்த ஃபைல் பேசும்.

டைம்அவுட் வைத்தால் அப்ளிகேஷன் உடையும் என்று டெவலப்பர்கள் மறுப்பார்கள். உடையட்டும். ஒரு நிமிஷம் ட்ரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைத்திருக்கும் ஒரு ரிக்வெஸ்ட் பிழையோடு விழுந்தால், அந்தக் கோட் எங்கே இருக்கிறது என்று அன்றே தெரிந்துவிடும். இப்போது அது விழாமல் மற்ற எல்லாரையும் விழவைக்கிறது. அப்ளிகேஷன் உள்ளே வரும் ரோலுக்கு (டேட்டாபேஸ் பயனர் கணக்குக்கு) மட்டும் ஒரு நிமிஷ வரம்பு வையுங்கள். மைக்ரேஷன் (டேபிள் அமைப்பு மாற்றம்) ஓட்டும்போது லாக் டைம்அவுட் மூன்று வினாடி, கிடைக்கவில்லையென்றால் விட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்து மறுபடி. 'லாக் லாக் வெயிட்ஸ்' அமைப்பைப் போட்டுவிட்டால் ஒரு வினாடிக்கு மேல் பூட்டுக்குக் காத்திருந்தது எல்லாம் லாகில் பதிவாகும். ஒரு கட்டளை ஓடும் நேரத்துக்கு வரம்பு வைக்கும் ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டை மட்டும் சர்வர் முழுக்க வைக்காதீர்கள், மாதக் கடைசி ரிப்போர்ட் பாதியில் அறுந்து அக்கவுண்ட்ஸ் அக்கா உங்களைத் தேடி வருவார். அவருக்குத் தனி ரோல், முடிந்தால் தனி ரெப்ளிகா. பேக்கப் எடுக்கும் பிஜி டம்ப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், இந்த வரம்புகளை எல்லாம் அது தன் செஷனில் தானே அணைத்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பிக்கும்.