உழைப்பால் உயர்ந்தவர்

அப்பா போன ஐப்பசியில் இறந்துபோனார். 74 வயது. ஊர் முக்கில் தம்பி முறைப் பையன்கள் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். இரண்டு ஓரத்திலும் புறா, நடுவில் ஆதார் அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய அப்பா முகம், அதற்குக் கீழே ‘உழைப்பால் உயர்ந்தவர்’. சித்தப்பா அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு அழுத கண்ணோடு சிரித்தார். “தளைநாரைப் போட்டுத்தாம்ல உயர்ந்தான் எங்கண்ணன்” என்றார்.

அப்பா பனையேறி. தளைநார் என்றால் பனை ஏறும்போது காலில் மாட்டிக்கொள்ளும் நார் வளையம். தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடிக்குத் தெற்கே, செம்மண் தேரியை ஒட்டிய ஊர் எங்களுக்கு. 14 வயதில் மரத்தில் கால் வைத்தவர், 61 வயதில்தான் இறங்கினார்.

நல்ல மனசோடு வைத்த ஃபிளெக்ஸ்தான். ஆனாலும் அந்த ‘உழைப்பு’ என்ற சொல் என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. காரணம் இருக்கிறது.

பத்தாம் வகுப்புப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் நான் ‘கூலி’ என்று எழுதினேன். பனையேறி என்று எழுதவில்லை. எங்கள் பக்கம் அந்தச் சொல்லை வசவாகவும் சொல்வார்கள். வகுப்பில் இரண்டொரு பேர் சொல்லியும் இருக்கிறார்கள். கூலி என்றால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். இருபது வருடம் கழித்து, சென்னையில் அலுவலக விழா ஒன்றில் பேசச் சொன்னார்கள். “என் அப்பா ஒரு கடின உழைப்பாளி, அவர் பட்ட கஷ்டத்தால்தான் நான் இங்கே நிற்கிறேன்” என்றேன். கைதட்டினார்கள். முன்வரிசையில் அப்பாவும் இருந்தார், என் பழைய சட்டையில். அன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டார்: “நான் எங்கல கஷ்டப்பட்டேன்? எனக்கு வேலை தெரியும்லா?”

எனக்கு அப்போது பதில் வரவில்லை. இப்போது யோசித்தால், படிவத்தில் எழுதிய ‘கூலி’யைத்தான் மேடையில் கொஞ்சம் சலவை பண்ணி ‘கடின உழைப்பாளி’ ஆக்கியிருக்கிறேன் என்று தெரிகிறது. இரண்டு இடத்திலும் அப்பா என்ன செய்தார் என்பதை நான் சொல்லவே இல்லை.

ஆகவே இங்கே கொஞ்சம் சொல்கிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாசி, பங்குனியில் பாளை, அதாவது பனையின் பூங்குலை, வரத் தொடங்கினால் ஆடி வரைக்கும் ஓடும். அப்பா 40 மரம் வரை பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுப்பார். காலையில் ஏறிப் பதனி இறக்கிப் பாளை சீவ வேண்டும். சாயங்காலம் மறுபடி ஏறிச் சீவிவிட வேண்டும். ஒரு நாள் விட்டால் சீவின வாய் அடைத்துக்கொள்ளும், சொட்டு நின்றுவிடும். காய்ச்சலோ கல்யாணமோ சாவோ, பாளைக்குத் தெரியாது. ஒருதடவை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மரம் சராசரி 40 அடி என்று குறைத்தே வைத்தாலும், 40 மரம், இரண்டு வேளை: 3,200 அடி. நாளொன்றுக்கு ஒரு கிலோமீட்டர் நெட்டுக்குத்தலாக. மூன்று நாளைக்கு ஒரு தொட்டபெட்டா! அப்பாவிடம் சொன்னேன். “இறங்கினதை யாருல கணக்குல சேப்பா?” என்று கேட்டார். இறங்கும்போதுதான் பதனிக் குடுவை நிறைந்திருக்கும்.

ஏறுவது பெரிய விஷயமில்லை, பழகினால் வந்துவிடும் என்பார். சீவுவதுதான் வித்தை. பாளை அருவாளைச் சாணை பிடித்துப் பிடித்து முகம் மழிக்கும் கத்தி மாதிரி வைத்திருப்பார். சீவல் தாள் கனத்துக்கு விழ வேண்டும். கனத்துப் போனால் பாளை பாதி மாசத்தில் தீர்ந்துவிடும். மெலிந்துபோனால் வாய் திறக்காது. சீவுவதற்கு முன்னால் பாளையைக் கடிப்பு என்கிற இடுக்கியால் நெருக்கிப் பதப்படுத்த வேண்டும். ஆண் பனைக்கு ஒரு கடிப்பு, பெண் பனைக்கு வேறு. அழுத்தம் கூடினால் நசுங்கி அழுகிவிடும். இதையெல்லாம் ஒரு கையில் மட்டையைப் பிடித்துக்கொண்டு, மேல்காற்றில் ஆடும் மரத்தின் தலையில் நின்று செய்ய வேண்டும்.

அப்புறம் சுண்ணாம்பு. கலயத்தின் உள்ளே பூசுகிற சுண்ணாம்புதான் பதனியைக் கள்ளாகாமல் காப்பாற்றுவது. குறைந்தால் புளித்துப்போகும், காய்ச்சினால் கருப்பட்டி கட்டாது, இளகி நிற்கும். கூடினாலும் ருசி கெடும். கள் 1987-லிருந்து தடை என்பதால் சுண்ணாம்பு குறைந்த கலயம் வழக்கிலும் கொண்டுபோய் விடும். அளவுச் சட்டி எதுவும் கிடையாது, அப்பாவின் விரல்தான் அளவு. வெயில் நாளைக்கு ஒரு வழிப்பு, மேகம் போட்ட நாளைக்கு ஒரு வழிப்பு.

மரங்களுக்குப் பெயர் வைத்திருந்தார். கிணத்தடியா, கோணையன், ஊமையன். ஊமையன் வாய் திறக்காதவன். மற்ற மரம் சுரக்கிறதில் பாதிகூடத் தரமாட்டான். ஆனால் எல்லா மரமும் ஓய்ந்த பிறகு ஆடிக் கடைசியிலும் சொட்டுவான். அதனால் அப்பாவுக்கு அவன்மேல் தனி மரியாதை.

அம்மாவை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் அது பொய். பதனி இறங்கி வந்ததும் அப்பா வேலையில் பாதிதான் முடிந்திருக்கும். மீதி விடிலியில், அதாவது பதனி காய்ச்சும் குடிசையில், அடுப்புக்கு முன்னால். எட்டு லிட்டருக்குக் குறையாமல் வற்றினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. காவோலையும் மட்டையும் உடைமுள்ளும் எரித்து, பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு அடக்கி, பாகு மாதிரி இறுகும் கூப்பதனிப் பதம் தாண்டி, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்து, சிரட்டையில் ஊற்றும் அந்த நேரம் இருக்கிறதே, கொஞ்சம் கண் அசந்தால் அன்றைய 40 மரமும் கரிதான். அம்மாவின் கண் இன்றைக்கும் புகை பட்டால் தாங்காது. அப்பாவையாவது உழைப்பாளி என்றார்கள். அம்மாவை ‘வீட்டில் இருக்காங்க’ என்றுதான் நானே சொல்லி வந்திருக்கிறேன்.

ஆனால் நான் இதைப் பொன்னாக்கிக் காட்டவும் விரும்பவில்லை. அப்பாவின் நெஞ்சிலும் கணுக்காலிலும் தோல் காய்ப்புக் காய்த்து மரப்பட்டை போலிருந்தது. சீசனுக்கு முன்னால் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், கருப்பட்டி விலையை அவர்தான் சொல்வார். மழைக்காலம் வரைக்கும் வைத்திருந்து விற்றால் நல்ல விலை கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வைத்திருக்க வழி இருந்தவர்கள் பனை ஏறவில்லை. மரத்திலிருந்து விழுந்து எழுந்திரிக்காமலே போன மாமா முறை ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். தொழில் தெரியும் என்று பெருமையாகச் சொன்ன அதே அப்பா, நான் அருவாள் பெட்டியைத் தொட்டால் அடிக்க வருவார். “நீ எழுது, இதைத் தொடாத” என்பார். நானும் தொடவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. என் மகன் ஏற வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்த முரணுக்கு என்னிடம் விடை கிடையாது.

ஆனால் பேரனிடம் அப்பா வேறு ஆள். பள்ளி விடுமுறைக்கு வந்தவனைத் திண்ணையில் உட்கார வைத்து, ஓலையில் பட்டை கட்டச் சொல்லிக்கொடுத்தார், தளைநார் முறுக்கக் கற்றுக்கொடுத்தார். எனக்குக் காட்டாத கடிப்பை அவன் கையில் கொடுத்துப் பேனாவை வைத்து நசுக்கச் சொன்னார். மறைத்துவைத்த எல்லாவற்றையும் ஒரு தலைமுறை தள்ளி இறக்கி வைத்தார் என்று நினைக்கிறேன்.

போன வருடம் குடும்பத்தோடு காரில் ஊருக்குப் போகும் வழியில், நெடுஞ்சாலை ஓரம் ஒரு கடையில் கருப்பட்டிக் காபி குடித்தோம். பித்தளை டபரா, ஓலைக் கூரை, பாட்டு எல்லாம் உண்டு. கடைக்காரரிடம் ஒரு துண்டு கருப்பட்டி கேட்டு வாங்கினார் அப்பா. உடைத்தார். உள்ளே பளபளவென்று இருந்ததைப் பேரனிடம் காட்டினார். “இது சீனிய உருக்கி ஊத்துனது. தாத்தா உடைச்சா இப்படி மினுங்காது” என்றார். காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்று கடைக்காரரிடம் சொன்னதும் அவர்தான்.

பனை நம் மாநில மரம், 1978-லிருந்து. 2021-ல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் கொடுப்பதாகச் சொன்னார்கள். பனையை வெட்ட வேண்டுமென்றால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்றும் வந்தது. 2023-ல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லாம் நல்லதுதான், குறை சொல்லவில்லை. அப்பாவின் மரங்களுக்கு அந்த அனுமதி விதி பிந்தித்தான் வந்தது. 2011-ல் மரங்கள் நின்ற நிலத்துக்காரர் மொத்தமாகச் செங்கல் சூளைக்கு விற்றுவிட்டார். அப்பா இறங்கியது அதனால்தான், முழங்காலால் இல்லை. லாரி வந்த அன்று ஊமையனை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாராம். சித்தப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். இப்போது போட்ட விதை பாளை விடும்போது என் மகன் வேலைக்குப் போகும் வயதில் இருப்பான். மரம் இருக்கும், சரி. சீவல் எந்தக் கனத்துக்கு விழ வேண்டும் என்று அந்த மரத்தடியில் நின்று சொல்ல யார் இருப்பார்கள்? எங்கள் ஊரில் இப்போது ஏறுகிறவர்கள் மூன்று பேர். மூவரில் இளையவருக்கே 58 வயது. ‘உழைப்பு’ என்று பொதுப்பெயர் சூட்டி நன்றி சொல்லிவிட்டோமானால், அந்த மூன்று பேரிடமும் கேட்டு எழுதி வைக்க எதுவும் இருப்பதாகவே நமக்குத் தோன்றாது. எனக்கு நாற்பது வயது வரை தோன்றவில்லை.

காரியம் முடிந்து இறப்பைப் பதிவு செய்யப் போனேன். படிவத்தில் தொழில் என்று ஓர் இடம் இருந்தது. எழுதிக்கொண்டிருந்த தம்பி நிமிராமலே, “வயசானவர்தான? கூலின்னு போட்டுரவா சார்?” என்று கேட்டார்.

“பனையேற்றம்னு போடுங்க.”

நிமிர்ந்து பார்த்தார். எழுதினார். மை காய்வதற்குள் கேட்டார்: “சார், உங்க ஊர்ல நல்ல கருப்பட்டி கிடைக்குமா? சீனி கலக்காதது?”

அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.