இஸ்ரவேலைத் தேவன் தள்ளிவிட்டாரா?

மேற்காசியாவில் போர் மூளும்போதெல்லாம் தமிழ்க் கிறிஸ்தவர்களின் முகநூல் பக்கங்களில் இஸ்ரவேலைக் குறித்த வாக்குவாதமும் சேர்ந்தே மூள்கிறது. ஒரு சாரார் ஒவ்வொரு ஏவுகணையையும், கடைசிநாட்களில் இஸ்ரவேலுக்கு விரோதமாக வரும் படையெடுப்பைச் சொல்லும் எசேக்கியேல் 38 ஆம் அதிகாரத்தோடு பொருத்திக் காட்டுகிறார்கள். மறு சாரார், பழைய இஸ்ரவேலின் காலம் சிலுவையோடு முடிந்துவிட்டது, இனிச் சபையே இஸ்ரவேல், ஆகவே யூத ஜனத்துக்கென்று வேதத்தில் எந்த வாக்குத்தத்தமும் மீதமில்லை என்று எழுதுகிறார்கள். முதல் சாராரோடு எனக்குள்ள கருத்து வேறுபாட்டைப் பின்னால் சொல்கிறேன். இரண்டாம் சாராரின் கூற்றையே நான் அதிக ஆபத்தானதாகக் கருதுகிறேன். அது இறையியல் படித்தவர்களிடமிருந்து, நிதானமான குரலில், வசன ஆதாரங்களோடு வருவதால் அதன் விளைவு எளிதில் கண்ணில் படுவதில்லை. யூத ஜனத்தைத் தேவன் தெரிந்துகொண்டது இன்றும் நிலைத்திருக்கிறது என்றும், அது நிலைக்காமற்போயிருந்தால் என்னைப் போன்ற புறஜாதியானுடைய, அதாவது யூதரல்லாதவனுடைய, நம்பிக்கைக்கும் அடித்தளம் இராது என்றும் நான் நம்புகிறேன்.

ஆதியாகமம் 15 ஆம் அதிகாரத்தில், தேசத்தைத் தான் சுதந்தரித்துக்கொள்ளப்போவதை எதினால் அறிவேன் என்று ஆபிராம் கேட்கிறான். தேவன் ஒரு கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் கொண்டுவரச் சொல்ல, அவன் அவைகளை நடுவாகத் துண்டித்து எதிரெதிராக வைக்கிறான். உடன்படிக்கை செய்துகொள்கிறவர்கள் அப்படிப்பட்ட துண்டங்களின் நடுவே கடந்துபோவது அக்காலத்து வழக்கம். வாக்கை மீறினால் இந்த மிருகத்துக்கு நேர்ந்தது எனக்கும் நேரட்டும் என்பது அந்தச் சடங்கின் கருத்து என்பதை எரேமியா 34 ஆம் அதிகாரத்திலிருந்து அறிகிறோம். ஆனால் சூரியன் அஸ்தமிக்கும் வேளையில் ஆபிராம் அயர்ந்து தூங்கிப்போகிறான். துண்டங்களின் நடுவே புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் மாத்திரம் கடந்துபோகின்றன, ஆபிராம் கடந்துபோகவில்லை. ஆணையின் முழுப் பாரத்தையும் தேவனாகிய ஒரு தரப்பே ஏற்றுக்கொண்ட அந்த உடன்படிக்கையை, தூங்கிக்கொண்டிருந்த தரப்பின் பிள்ளைகள் பிற்காலத்தில் தவறினார்கள் என்ற காரணத்தால் செல்லாததாக்கிவிட முடியுமா?

அவர்கள் தவறினார்கள் என்பதை வேதம் மறைக்கவேயில்லை. தன் ஜனத்தின் பாவங்களை இவ்வளவு விரிவாகப் பதிவுசெய்து வைத்துக்கொண்ட வேறொரு ஜனத்தின் நூல்களை நான் வாசித்ததில்லை. அவர்கள் சிறந்தவர்கள் என்பதாலோ திரளானவர்கள் என்பதாலோ தெரிந்துகொள்ளப்படவில்லை, சகல ஜனங்களிலும் அவர்கள் கொஞ்சமாயிருந்தார்கள் என்று உபாகமம் 7 ஆம் அதிகாரம் சொல்கிறது. சிறையிருப்புக்குப் பின் அவர்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று வாக்களிக்கும் எசேக்கியேல் 36 ஆம் அதிகாரத்திலும், உங்கள் நிமித்தமாக அல்ல, என் பரிசுத்த நாமத்தினிமித்தமே இதைச் செய்கிறேன் என்று தேவன் கண்டிப்பாகச் சொல்கிறார். தகுதியினால் பெறாததைத் தகுதியின்மையினால் எப்படி இழக்க முடியும்? கிருபையைப் பற்றி ஞாயிறுதோறும் பிரசங்கிக்கிற நாம், இஸ்ரவேலின் விஷயத்துக்கு வந்தவுடன் மாத்திரம் கிரியைகளின் கணக்கைக் கையில் எடுப்பது எனக்கு விளங்கவில்லை.

புதிய உடன்படிக்கை வந்தபோது பழையது ஒழிந்தது என்று எபிரெயர் 8 ஆம் அதிகாரத்தைக் காட்டி மறுப்புச் சொல்வார்கள். எபிரெயரின் ஆசிரியர் அங்கே மேற்கோள் காட்டுவது எரேமியா 31 ஆம் அதிகாரத்தை. அந்தப் புதிய உடன்படிக்கை யாரோடு செய்யப்படும் என்று எரேமியா சொல்கிறான்? இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும். மேற்கோள் முடிகிற இடத்துக்கு அடுத்த வசனங்களிலேயே, சூரிய சந்திர நட்சத்திரங்களின் நியமங்கள் ஒழிந்துபோனால் மாத்திரமே இஸ்ரவேல் சந்ததி தமக்கு முன்பாக ஒரு ஜாதியாய் இல்லாமல் அற்றுப்போகும் என்று தேவன் சொல்கிறார். பழமையாய்ப் போனது சீனாயில் கொடுக்கப்பட்ட நியாயப்பிரமாண ஒழுங்கு. ஆபிரகாமுக்கு இட்ட ஆணை அல்ல. பவுலும் இதைக் கலாத்தியர் 3 ஆம் அதிகாரத்தில் ஒரு வழக்கறிஞரைப் போல வாதிடுகிறார்: 430 ஆண்டுகளுக்குப் பின் வந்த நியாயப்பிரமாணம், முன்பே உறுதிசெய்யப்பட்ட உடன்படிக்கையைத் தள்ளி, வாக்குத்தத்தத்தை வியர்த்தமாக்க மாட்டாது. சீனாய் மலையினால் ரத்துசெய்ய முடியாததை அதற்கும் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த புறஜாதிச் சபை ரத்துசெய்துவிட்டது என்று சொல்வது பவுலின் வாதத்தையே தலைகீழாக்குவதாகும். கிறிஸ்துவுக்குள் இருக்கிறவர்கள் ஆபிரகாமின் சந்ததியார் என்று அதே அதிகாரம் சொல்வது உண்மைதான்; குடும்பம் பெரிதாகியிருக்கிறது என்பதற்கு அது சான்று, மூத்த பிள்ளைகள் வெளியேற்றப்பட்டார்கள் என்பதற்கு அல்ல.

ஆனாலும் இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் பகுதி ரோமர் 9 முதல் 11 வரையிலான மூன்று அதிகாரங்களே. அவை எழுதப்பட்ட சூழலை அறிந்து வாசித்தால் அவற்றின் கூர்மை புரியும். கிலவுதியு இராயன் யூதர்களை ரோமாபுரியைவிட்டுப் போகும்படி கட்டளையிட்டதை அப்போஸ்தலர் 18 ஆம் அதிகாரம் குறிப்பிடுகிறது. அந்தக் கட்டளையால்தான் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கொரிந்துவுக்கு வந்தார்கள். இது கி.பி. 49 ஐ ஒட்டி நடந்தது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. 54 இல் கிலவுதியு இறந்தபின் யூதர்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் ரோமாபுரியின் வீட்டுச் சபைகள் பெரும்பாலும் புறஜாதி விசுவாசிகளின் கைக்கு வந்திருக்க வேண்டும். திரும்பி வந்த யூத விசுவாசிகளை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல: உங்கள் காலம் முடிந்தது, இப்போது இது எங்கள் வீடு. கொரிந்துவிலிருந்து பவுல் 57 ஐ ஒட்டி எழுதிய நிருபம் அந்தச் சபையில்தான் வாசிக்கப்பட்டது. தேவன் தம்முடைய ஜனங்களைத் தள்ளிவிட்டாரோ என்று பவுல் கேட்கும் கேள்வியை எழுப்பியவர்கள் யூதர்கள் அல்லர், புறஜாதிக் கிறிஸ்தவர்களே.

அவர்களுக்குப் பவுல் சொல்லும் பதிலில் தயவு குறைவு, எச்சரிக்கை அதிகம். நீங்கள் காட்டொலிவ மரத்தின் கிளைகள். நல்ல ஒலிவமரத்தில் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறீர்கள். சில கிளைகள் முறித்துப்போடப்பட்டது உண்மை. ஆனாலும் முறிக்கப்பட்ட கிளைகளுக்கு விரோதமாய்ப் பெருமைபாராட்டாதே, “நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறதென்று நினைத்துக்கொள்” என்கிறார். மேட்டிமைச் சிந்தையாயிராமல் பயந்திரு என்கிறார். சுபாவக் கிளைகளை மறுபடியும் ஒட்டவைக்கத் தேவன் வல்லவர் என்கிறார். இஸ்ரவேலில் விசுவாசியாத பெரும்பான்மையினரைக் குறித்தே, சுவிசேஷத்தைப் பொறுத்தவரை அவர்கள் உங்கள் நிமித்தம் பகைஞர், தெரிந்துகொள்ளுதலைப் பொறுத்தவரை பிதாக்களினிமித்தம் அன்புகூரப்பட்டவர்கள் என்று எழுதுகிறார். இரண்டும் ஒரே வசனத்தில், ஒரே ஜனத்தைக் குறித்து, நிகழ்காலத்தில் சொல்லப்படுகின்றன. அடுத்த வசனம் எல்லோருக்கும் தெரிந்தது: “தேவனுடைய கிருபைவரங்களும், அவர்களை அழைத்த அழைப்பும் மாறாதவைகளே.” நம்முடைய ஊழியக்காரர்கள் தங்கள் சொந்த அழைப்பைப் பற்றிச் சாட்சி சொல்லும்போது இந்த வசனத்தை அடிக்கடி பயன்படுத்துகிறார்கள். அது முதலில் யாரைக் குறித்து எழுதப்பட்டது என்பதையும் ஒருமுறை சபைக்குச் சொன்னால் நன்றாயிருக்கும்.

பவுலின் எச்சரிக்கையைச் சபை கேட்கவில்லை என்பது அதன் பின்வந்த வரலாறு. பழைய ஏற்பாட்டையே தள்ளிவிடச் சொன்ன மார்சியோனை ரோமச் சபை 144 இல் விலக்கியது. ஆனால் புத்தகத்தை வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்துக்குரிய ஜனத்தைத் தள்ளிவிடும் போக்கை அது விலக்கவில்லை. 386, 387 ஆம் ஆண்டுகளில் அந்தியோகியாவில் புகழ்பெற்ற பிரசங்கியாரான கிறிசோஸ்தம் யூதர்களின் ஜெபாலயங்களைப் பழித்துப் பிரசங்கித்தார். 1523 இல் இயேசு யூதராகப் பிறந்தவர் என்று பரிவோடு எழுதிய மார்ட்டின் லுத்தர், 1543 இல் யூதர்களின் ஜெபாலயங்களைக் கொளுத்தவும் வீடுகளை இடிக்கவும் ஜெபப் புத்தகங்களைப் பறிக்கவும் ஆலோசனை சொன்னார். 1938 நவம்பரில் ஜெர்மனியின் ஜெபாலயங்கள் உண்மையிலேயே எரிந்தபோது, துரிங்கியாவின் லுத்தரன் ஆயர் மார்ட்டின் சாஸ்ஸே லுத்தரின் அந்த வாக்கியங்களைத் தொகுத்து வெளியிட்டு, லுத்தரின் பிறந்தநாளில் ஜெபாலயங்கள் எரிகின்றன என்று முன்னுரையில் மகிழ்ந்தார். தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரிகளின் வழியாக அந்த மரபைப் பெற்றுக்கொண்ட தமிழ் லுத்தரன்கள் இதை அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1994 இல் லுத்தரின் இந்த எழுத்துகளை வெளிப்படையாக நிராகரித்தது. கத்தோலிக்கத் திருச்சபை அதற்கு முன்பே, 1965 அக்டோபர் 28 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் அறிக்கையில், ரோமர் 11 ஆம் அதிகாரத்தைச் சுட்டிக்காட்டி, யூதர்களைத் தேவனால் தள்ளப்பட்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ காட்டக்கூடாது என்று அறிவித்தது. இத்தனைக்குப் பிறகும், பெரிய வெள்ளி ஆராதனைகளில் யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் பிரசங்கங்கள் நம்மிடையே ஓயவில்லை. ஏரோதும் பொந்தியுபிலாத்துவும் புறஜாதியாரும் இஸ்ரவேல் ஜனங்களும் ஒருமித்துச் செய்தார்கள் என்பது அப்போஸ்தலர் 4 ஆம் அதிகாரத்திலுள்ள ஜெபம்.

ராஜ்யம் உங்களிடத்திலிருந்து நீக்கப்படும் என்ற மத்தேயு 21 ஆம் அதிகார வசனத்தைக் காட்டிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி போதும்: இரண்டு வசனங்கள் தள்ளி, பிரதான ஆசாரியரும் பரிசேயரும் தங்களைக் குறித்தே இயேசு பேசுகிறார் என்று அறிந்துகொண்டதாக மத்தேயு எழுதியிருக்கிறார். அது ஒரு தலைமையின்மேல் வந்த தீர்ப்பு.

இனி முதல் சாராருக்கு வருகிறேன். இஸ்ரவேலின் எதிர்காலத்தைக் குறித்த நம்பிக்கையை 19 ஆம் நூற்றாண்டின் வேதப் போதகர் டார்பியும், 1909 இல் விளக்கக் குறிப்புகளோடு வெளிவந்த ஸ்கோபீல்டு வேதாகமமும் கண்டுபிடித்தவை என்று சிலர் குறை சொல்வது சரியல்ல. ஸ்கோபீல்டுக்கு வெகு முன்பே ஆங்கிலேயத் தூய்மைவாதிகளில் பலர் யூதர்களின் திரும்புதலுக்காக ஜெபித்தார்கள். யூதர்களின் நிலையை அறிந்துவர ஸ்காட்லாந்துத் திருச்சபை 1839 இல் மக்செய்ன், போனர் முதலிய போதகர்களை பலஸ்தீனத்துக்கு அனுப்பியது. டார்பியின் வழிவந்த சிலர் அந்தப் பழைய நம்பிக்கையை ஒரு காலண்டராக மாற்றியதுதான் என் வருத்தம். இயேசு சொன்ன உவமையில் அத்திமரம் துளிர்ப்பது 1948 இல் இஸ்ரேல் நாடு உருவானதைக் குறிக்கும் என்றும், ஒரு சந்ததி 40 ஆண்டுகள் என்றும் கூட்டி, 1988 க்குள் கர்த்தர் வந்துவிடுவார் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டு கடந்துபோயிற்று. கணக்கை மாற்றினார்களே ஒழிய, கணக்குப் போடுவதை நிறுத்தவில்லை. அதே உவமையை லூக்கா எழுதும்போது “அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும்” பாருங்கள் என்று இருப்பதை இவர்கள் கவனிப்பதில்லை. ராஜ்யத்தை இஸ்ரவேலுக்குத் திரும்பக் கொடுப்பீரோ என்று சீஷர்கள் கேட்டபோது உயிர்த்தெழுந்த இயேசு அந்த எதிர்பார்ப்பை மறுக்கவில்லை. வேளையை அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல என்று மாத்திரம் சொன்னார்.

இதைவிடப் பெரிய தவறு, ஆபிரகாமுக்கு அளித்த வாக்குத்தத்தத்தை 1948 மே 14 இல் நிறுவப்பட்ட இஸ்ரேல் நாட்டு அரசாங்கங்களின் ஒவ்வொரு செயலுக்கும் முத்திரையாகக் குத்துவது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் சிதறுண்ட ஜனம் அழியாமல் நிலைத்ததிலும், ஐரோப்பாவில் 60 லட்சம் பேர் கொல்லப்பட்டபின் அவர்களுக்கு ஒரு வீடு கிடைத்ததிலும் தேவனுடைய கரத்தை நான் காண்கிறேன். ஆனால் இஸ்ரவேலை ஆசீர்வதிப்பது என்றால் அதன் ஆட்சியாளர்களுக்குக் கைதட்டுவது என்று பொருளானால், தீர்க்கதரிசிகளில் ஒருவர்கூட இஸ்ரவேலை ஆசீர்வதிக்கவில்லை. எரேமியா 28 ஆம் அதிகாரத்தின் அனனியாவையே பாருங்கள். பாபிலோன் ராஜாவின் நுகம் முறிக்கப்பட்டது, இரண்டு வருஷத்துக்குள் ஆலயப் பணிமுட்டுகள் திரும்பிவரும் என்று அவன் ஜனங்களுக்கு முன்பாக அறிவித்தான். கேட்ட எவருக்கும் அது தேசப்பற்றுள்ள பேச்சாகவே ஒலித்திருக்கும். கர்த்தர் அவனை அனுப்பவில்லை, அவன் ஜனத்தைப் பொய்யை நம்பச் செய்தான் என்கிறது வேதம். துரோகி என்று குற்றஞ்சாட்டப்பட்டுத் துரவில் இறக்கப்பட்ட எரேமியாவோ, நகரம் முற்றுகையிடப்பட்டு, தான் காவலில் அடைபட்டிருந்த வேளையில், ஆனதோத்திலுள்ள நிலத்தை 17 சேக்கல் நிறுத்துக் கொடுத்து வாங்கினான். இந்தத் தேசத்தில் மறுபடியும் நிலங்கள் வாங்கப்படும் என்று நம்பியதால். கடிந்துகொண்டவனும் நம்பிக்கையைக் கைவிடாதவனும் ஒரே மனிதன்தான்.

தேசம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகளும் புறக்குடிகளுமாயிருக்கிறீர்கள் என்று லேவியராகமம் 25 சொல்கிறது. திரும்பி வருகிறவர்கள் தேசத்தைப் பங்கிடும்போது, தங்களுக்குள் தங்கிப் பிள்ளைகளைப் பெற்ற அந்நியருக்கும் சுதந்தரம் கொடுக்கவேண்டும் என்று எசேக்கியேல் 47 கட்டளையிடுகிறது. நாபோத் என்பவனிடமிருந்து பறிக்கப்பட்ட ஒரேயொரு திராட்சத்தோட்டத்துக்காக இஸ்ரவேலின் ராஜாவாகிய ஆகாபின் வீட்டின்மேல் தீர்ப்பு வந்தது. 2023 அக்டோபர் 7 இல் ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்ற ஹமாஸின் செயலைத் தயக்கமின்றிக் கண்டிக்கிற நான், அதே மாதத்தில் காசாவின் புனித பொர்பிரியஸ் ஆலய வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த கிறிஸ்தவர்கள் இஸ்ரேலின் தாக்குதலில் இறந்ததை ஒரு தீர்க்கதரிசன நிறைவேற்றத்தின் பக்கவிளைவாக எண்ண மறுக்கிறேன். பெத்லகேமிலும் பேத் சாகூரிலும் வாழும் அரபுக் கிறிஸ்தவர்கள் நம்முடைய கூட்டங்களில் பெயர் சொல்லி ஜெபிக்கப்படுவதை நான் கேட்டதேயில்லை. அவர்களும் அந்த ஒலிவமரத்தில் நம்மைப் போலவே ஒட்டவைக்கப்பட்ட கிளைகள். நமக்கு முன்னரே ஒட்டவைக்கப்பட்டவர்கள்.

யூதர்களுக்கு ஆபிரகாமின் உடன்படிக்கையே தனி வழி, அவர்களுக்குக் கிறிஸ்துவை அறிவிக்க வேண்டியதில்லை என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. அழைப்பு மாறாதது என்று எழுதிய அதே பவுல், இஸ்ரவேலர் இரட்சிக்கப்படவேண்டுமென்பதே தன் இருதயத்தின் விருப்பமும் விண்ணப்பமும் என்றும் எழுதினார். தன் சகோதரருக்காகத் தானே கிறிஸ்துவைவிட்டுச் சபிக்கப்பட்டவனாகவும் ஆயத்தமாயிருந்தார். புறஜாதியாருக்கு இரட்சிப்பு கிடைத்ததைக் கண்டு இஸ்ரவேலுக்கு வைராக்கியம், அதாவது அது தங்களுக்கும் வேண்டுமென்ற ஏக்கம், எழும் என்று அவர் எதிர்பார்த்தார். ஞானஸ்நானம் பெறு அல்லது நாட்டைவிட்டுப் போ என்று 1492 இல் ஸ்பெயின் யூதர்களுக்கு விதித்தது போன்ற சபைச் சரித்திரத்தில் அவர்கள் வைராக்கியம் கொள்ளும்படி எதைக் கண்டிருப்பார்கள்? ஆகவே யூதர்களிடம் கிறிஸ்துவைப் பற்றிப் பேசத் துணிகிறவன் கடன்பட்டவனாகப் பேசவேண்டும், வெற்றிபெற்றவனாக அல்ல. இஸ்ரவேலரெல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள் என்று சொன்ன பவுல் அது எந்த நாளில், எந்த அரசியல் ஏற்பாட்டின்கீழ் என்பதைச் சொல்லவில்லை. அவர் சொல்லாததை நானும் சொல்லப்போவதில்லை.