செப்டிக் டேங்குக்கும் கீழே

(அரியாங்குப்பம் டீக்கடை. முந்தின ராத்திரி கொத்தனார் கனவில், மச்சினனின் புது வீட்டுக்கு செப்டிக் டேங்க் தோண்டியிருக்கிறார். தோண்டத் தோண்டப் படிக்கட்டு. மச்சினனோ கரஸ்ல சைக்காலஜி படிக்கிறவர். இப்படி ஒரு ஆள் சிக்கினால் விடுவாரா?)

மச்சினன்: மாமா, இதே மாதிரி கனவு 1909ல கார்ல் யுங்குக்கு வந்திருக்கு!

கொத்தனார்: அவரும் கொத்தனாரா?

மச்சினன்: சுவிட்சர்லாந்து மனநல டாக்டரு. தனக்கு மூத்த மனநல டாக்டரு ஃப்ராய்டோட சேர்ந்து அமெரிக்கா போனப்ப கண்ட கனவு. ஒரு மாடி வீடு. மேல ஜோரான மேசை நாற்காலி. கீழ்த்தளம் அதைவிடப் பழசு. அதுக்கும் கீழ நிலவறை, ரோமானியர் காலத்துச் சுவரு...

கொத்தனார்: இதுக்கா சுவிட்சர்லாந்து? இதோ அரிக்கமேட்டுல, 1945ல வீலர் துரை தோண்டி ரோம் நாட்டு ஜாடியே எடுத்தாரே.

மச்சினன்: கேளுங்க மாமா. நிலவறைக்கும் கீழ ஒரு குகை. உடைஞ்ச சட்டி, எலும்பு, ரெண்டு மண்டை ஓடு. ‘கூட்டு நனவிலி’, அதான் நமக்கே தெரியாம மனசுக்கு அடியில எல்லாருக்கும் பொதுவா ஒரு அடுக்கு இருக்குங்கிற யோசனை அவருக்கு அங்கதான் முளைச்சுது.

கொத்தனார்: கூட்டுக் குடிநீர்த் திட்டம் தெரியும்.

மச்சினன்: அப்படியே வெச்சுக்குங்க. குழாய் வீட்டுக்கு வீடு தனி, டேங்க் மனுச ஜாதிக்கே ஒண்ணு. தாய், ஞானக்கிழவன், கோமாளி, நிழல்னு எந்த ஊர்க் கதையில பாத்தாலும் இவங்க நிப்பாங்க. தொல்படிமம்னு பேரு.

கொத்தனார்: அப்ப வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் சுவிட்சர்லாந்துலயும் இருக்காளா?

மச்சினன்: அம்மனே இல்ல மாமா. உருவம் வேற. இது உருவம் வர்றதுக்கான அச்சு.

கொத்தனார்: சென்ட்ரிங்னு சொல்லேன்! பலகை அடிச்சு ரெடியா நிக்குது. அவனவன் ஊரு மணலு, ஜல்லியப் போட்டு ஊத்திக்கிறான். பலகையப் பிரிச்சா இங்க செங்கழுநீரம்மன், அங்க மேரி மாதா.

மச்சினன்: (நோட்டைத் தேடிக்கொண்டே) மெதுவா சொல்லுங்க, பரீட்சைக்கு ஆகும்.

கொத்தனார்: மண்டை ஓடு யாருது?

மச்சினன்: ஃப்ராய்டும் அதையேதான் குடைஞ்சாரு. யாரு சாகணும்னு இவரு உள்ளுக்குள்ள ஆசைப்படுறாருன்னு பிடிக்கப் பாத்தாரு. யுங்குக்கு அப்படி ஒண்ணும் தோணல. பெரியவர்கிட்ட எதுக்கு வம்புன்னு, ‘என் பொண்டாட்டி, மச்சினி’ன்னு பொய் சொல்லிட்டாரு. ஃப்ராய்டுக்கும் நிம்மதி.

கொத்தனார்: எஞ்சினியரும் அப்படித்தான். கலவை என்னான்னு கேப்பாரு. ‘ஒண்ணுக்கு நாலு சார்’னு சொல்லுவேன். நிம்மதியா கையெழுத்து போட்டுட்டுப் போயிடுவாரு.

(மச்சினன் நோட்டை மூடுகிறார்.)

மச்சினன்: மாமா... எங்க வீட்டுச் சுவத்துக்கு ஒண்ணுக்கு எத்தினி?

கொத்தனார்: டீ ஆறுது மாப்ள, குடி.