கரு நின்றுபோனால் அதற்கும் அம்மாதான் காரணமா?

எல்லாரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்த வளைகாப்புப் பேச்சை நானும் கடைசிவரை பார்த்தேன். கரு உருவான நொடியிலிருந்து தாயின் எண்ணம்தான் அதன் ஜீன்களை இயக்குகிறதாம். கைதட்டுகிறார்கள்.

இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் மனிதக் கருவின் சொந்த ஜீன்கள் பெரும்பாலும் அடங்கியே இருக்கின்றன. கருமுட்டை வளரும்போதே அதில் சேர்ந்துவிட்ட ஆர்.என்.ஏ.வும் (ஜீனின் செய்தியைச் சுமக்கும் நகல்) புரதமும்தான் கருவுக்குக் கட்டுச்சோறு. அதை வைத்தே அது இரண்டாக, நான்காகப் பிரிகிறது. நான்கு செல்லுக்கும் எட்டு செல்லுக்கும் நடுவில்தான் அதன் ஜீன்கள் பெரிய அளவில் வேலையைத் தொடங்குகின்றன. இங்கிலாந்து ஆய்வாளர்கள் 1988-லேயே காட்டிவிட்டார்கள். தொடங்காவிட்டால் கரு அங்கேயே நின்றுவிடும். இதில் எண்ணத்துக்கு எங்கே இடம்?

எனக்கு ஐ.வி.எஃப். நடந்தபோது மூன்றாம் நாள் லேபிலிருந்து போன் வந்தது. "வளர்ச்சி நின்னுடுச்சும்மா." அந்தக் கரு என் வயிற்றிலேயே இல்லை. இன்குபேட்டருக்குள் ஒரு தட்டில், எண்ணெய்க்கு அடியில், ஒரு சொட்டுத் திரவத்தில் இருந்தது. அதற்கும் நாத்தனார் சொன்னார்: "நீ எப்பப் பாரு கவலைப்பட்டுட்டே இருந்த, அதான்." இந்த வீடியோவை எங்கள் குடும்ப குரூப்பில் போட்டவரும் அவர்தான்.

'எபிஜெனெடிக்ஸ் படிச்சதில்லையா' என்று வருவீர்கள். படித்தேன். ஜீன் மாறாமலேயே அது இயங்குவதும் அடங்குவதும் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் துறை அது. சில ஜீன்களில் அம்மா முத்திரை, அப்பா முத்திரை, அதாவது யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் அடையாளம், உண்டு என்பதை 1984-ல் கேம்பிரிட்ஜில் அசீம் சுரானி குழுவும், அமெரிக்காவில் மெக்ராத், சோல்ட்டர் இருவரும் எலிக் கருக்களில் காட்டினார்கள். அவை முட்டையும் விந்தணுவும் உருவாகும்போதே விழும் முத்திரைகள். அப்புறம் கேட்கிற ஸ்லோகத்தால் விழுவதில்லை. சாப்பாடு, ஃபோலிக் ஆசிட் எல்லாம் முக்கியம்தான், சரி.

'நல்லதைத்தானே நினைக்கச் சொல்றாங்க' என்பவர்களுக்கு மட்டும் என்னால் பொறுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. நல்லதை நினைத்தால் கரு தங்கும் என்றால், தங்காதவள் கெட்டதை நினைத்தாள் என்றுதானே அர்த்தம்? அதைத்தானே என் முகத்துக்கு நேரே சொன்னார்கள்?

அதே எலி ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. அம்மா பக்க ஜீன்கள் மட்டும் இருந்தால் நஞ்சுக்கொடி சரியாக வளராது. அப்பா பக்கம் மட்டும் இருந்தால் கருவின் உடல் வளராது. இருவரும் வேண்டும். ஆனால் "அந்த மூணு நாளும் நீ என்ன நினைச்சுட்டிருந்தே?" என்று என் கணவரிடம் இன்றுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை.