ஆமாம், கண்ணாடி மாமாதான்

முந்தாநாள் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே டெக்சஸில் 46 வயதில் விமானம் ஓட்டப் பழகும் ஒருவர், "செஸ்னா 172-க்கு எந்த மாதிரி பவர் கண்ணாடி போடலாம்?" என்று கேட்டார். செஸ்னா என்பது பயிற்சிக்கு ஓட்டும் சின்ன விமானம். "போலரைஸ்டு எடுங்க சார், கெத்தா இருக்கும்" என்று வரிசைகட்டி வந்தார்கள். போலரைஸ்டு என்றால் கண் கூசும் பிரதிபலிப்பை வடிகட்டும் கண்ணாடி. நான் வேண்டாம் என்றேன். கிடைத்த பட்டம் "கண்ணாடி மாமா". அதற்கு 28 சிரிப்புப் பொம்மை. எண்ணினேன்.

சரி, மாமாவே சொல்கிறேன். முதலில் உங்கள் விமானத்தில் உட்கார்ந்து, கண்ணிலிருந்து பானல், அதாவது மீட்டர்கள் இருக்கும் பலகை, எத்தனை அங்குலம் என்று டேப் வைத்து அளங்கள். கடைக்கு அப்புறம் போகலாம்.

நான் அளக்காமல் போனவன். வெள்ளெழுத்து வந்ததும் கடையில் ப்ரோகிரஸிவ் லென்ஸ் (மேலே தூரத்துக்கு, கீழே போகப் போகக் கிட்டத்துக்கு) போட்டுக் கொடுத்தார்கள். புத்தகம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் இருந்ததோ 29 அங்குலத்தில். அதைப் படிக்க, சவரத்துக்கு உட்கார்ந்தவன் மாதிரி தாடையைத் தூக்க வேண்டியிருந்தது. இறங்கும்போது இன்னும் மோசம். கண்ணைத் தாழ்த்தினால் ரன்வே லென்ஸின் கீழ்ப்பகுதியில் விழுந்து கலங்கியது. மூன்று முறை தொப்பென்று போட்டேன். பயிற்றுநர் ஒன்றும் சொல்லவில்லை, பெல்ட்டை மட்டும் இறுக்கிக்கொண்டார்.

"மெடிக்கல் பாஸ் பண்ணினீங்கல்ல?" பண்ணினேன். அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ-வின் மூன்றாம் வகுப்புச் சோதனையில், அதாவது சொந்தமாக ஓட்டுபவர்களுக்கான மருத்துவச் சோதனையில், தூரப் பார்வையையும் 16 அங்குலப் பார்வையையும் பார்ப்பார்கள், 20/40 என்ற பார்வை அளவு இருந்தால் போதும். பானல் இருக்கும் நடுத்தூரத்தை யாரும் கேட்பதில்லை. அதற்கான 32 அங்குலச் சோதனை, தொழிலாக ஓட்டுபவர்களின் மேல் வகுப்புகளுக்குத்தான், அதுவும் 50 வயதிலிருந்து. அதனால்தான் அளங்கள் என்று கத்துகிறேன்.

போலரைஸ்டுக்கு வருவோம். எங்கள் கிளப் விமானத்தில் அதைப் போட்டுக்கொண்டு தலையைச் சாய்த்தேன், பானலில் இருக்கும் டிஜிட்டல் திரை கறுத்துப்போனது. பக்கவாட்டு ஜன்னலில் எண்ணெய் கொட்டியதுபோல வானவில் திட்டுகள். "பத்து வருஷமா அதான் போடறேன், ஒண்ணும் ஆகல" என்ற அண்ணனுக்கு: உங்களுடையது முள் வைத்த பழைய மீட்டர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிரே வரும் விமானத்தின் இறக்கையில் வெயில் பட்டு மின்னுமே, அந்த மின்னலையும் அது அமுக்கிவிடும். ஹெல்மெட் போடாதவர்களும் இப்படித்தான் பத்து வருஷக் கணக்குச் சொல்வார்கள்.

வெயிலில் தானே கறுக்கும் லென்ஸும் காக்பிட்டில் சரியாகக் கறுக்காது. அதைக் கறுக்க வைக்கும் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை விமானத்தின் முன்கண்ணாடியே தடுத்துவிடுகிறது. சாதாரண சாம்பல் நிறம் போதும். காதோரக் கம்பி மெல்லிசாக இருக்கட்டும். தடித்த பிரேம் என்றால் ஹெட்செட்டின் மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவே இடுக்கு விழும், இன்ஜின் சத்தம் நேரே உள்ளே வரும். இரண்டு மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு விண் விண் என்று தெறிக்கும்.

"ஒரு கண்ணுக்குத் தூரம், ஒரு கண்ணுக்குக் கிட்ட, கான்டாக்ட் லென்ஸ் போட்டா முடிஞ்சுது" என்ற அறிஞர் 1996-இல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் டெல்டா 554 என்ற பயணிகள் விமானத்துக்கு என்ன ஆனது என்று தேடிப் படிக்கவும். கேப்டன் போட்டிருந்தது அதே வகை லென்ஸ். ரன்வேக்கு முன்னாலேயே விளக்குக் கம்பங்களில் இடித்தது. லேசிக் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லப் பொறுமை இல்லை.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. "கண்ணு தெரியாத வயசுல ஏரோப்ளேன் எதுக்கு?" என்று ஒருவர் கேட்டாரே, அதற்குத்தான் தூக்கம் வரவில்லை. ஏழாம் வகுப்பில் எனக்குச் சோடாபுட்டி என்று பெயர். "கண்ணாடி போட்டவனைப் பைலட்டா எடுக்க மாட்டான்" என்றார் அப்பா. வீட்டில், பள்ளியில், தெருவில் ஒருவருக்கும் விதி என்ன என்று விசாரிக்கத் தோன்றவில்லை. நானும் நம்பி 38 வயதுவரை சும்மா இருந்தேன். கடைசியில் என் மெடிக்கல் சான்றிதழில் இருந்தது ஒரே ஒரு வரி: கண்ணாடி அணிந்து ஓட்டவும். இருபது வருஷத்தை விழுங்கியது அந்த ஒரு வரி.

இன்று காலை பார்த்தால் அந்த 46 வயது நண்பர் கேள்வியையே அழித்துவிட்டார். சார், இன்பாக்ஸுக்கு வாருங்கள். டேப் என்னிடமே இருக்கிறது.