பழைய கேமைக் காப்பி எடுப்பது வேறு, விற்பது வேறு

போன வாரம் தம்பி ஒருத்தர் ஒரு லிங்க் அனுப்பி, "அண்ணா, இதுல பத்தாயிரம் கேம் இருக்காம். வாங்கலாமா? ஆன்லைன்லயே விக்கிறாங்கன்னா லீகல்தானே?" என்று கேட்டிருந்தார். டிவியின் பின்னால் செருகுகிற குச்சி ஒன்று, இரண்டு வயர்லெஸ் கன்ட்ரோலர், ஒரு மெமரி கார்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனால் கண்ணில் படுகிற அதே சாமான். ஒரு வரியில் பதில் போட மனசு வரவில்லை. பழைய கேம் என்றால் உயிரை விடுகிற எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

லீகல் இல்லை. அதில் இழுபறிக்கே இடமில்லை. நம் நாட்டு 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமும் ஒரு இலக்கியப் படைப்பு. கேம் என்பது புரோகிராம்தான். உரிமையாளர் அனுமதி இல்லாமல் அதை நகலெடுத்து விற்றால் 63ஆம் பிரிவின் கீழ் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். விற்றவரோடு முடியவில்லை. திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் ஓட்டுகிறவரையும் 63பி பிரிவு பிடிக்கும்.

"பழைய கேம்தானே, கம்பெனிக்காரனே மறந்திருப்பான்" என்று சொல்வார்கள். சட்டத்தில் 'பழசு' என்று ஒரு வகையே கிடையாது. சூப்பர் மரியோ பிரதர்ஸ் 1985-ல் வந்தது. ஒரு நிறுவனத்தின் பெயரில் வெளியான படைப்புக்கு அமெரிக்காவில் 95 ஆண்டு பாதுகாப்பு. கணக்குப் போட்டால் 2080 முடிகிறவரை அது ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனியின் சொத்து. அது வெளிவந்த வருடம் அதை ஆடிய பத்து வயதுப் பையனுக்கு அப்போது 105 வயது இருக்கும்.

எமுலேட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காலக் கன்சோலைப் (டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டி) போல நடந்துகொள்ளும் மென்பொருளை எழுதுவது தப்பில்லை. பிளேஸ்டேஷனுக்கு எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தை சோனி கோர்ட்டுக்கு இழுத்தது. 2000-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சோனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. சிக்கல் எமுலேட்டரில் இல்லை, அதற்குள் போடுகிற ரோம் ஃபைலில், அதாவது கேமின் நகலில். காசு கொடுத்து வாங்கிய நகல் கையில் இருந்தால், அது கெட்டுப்போகாமல் இருக்க ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ள நம் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. முறையாக வாங்கிய நகல் கையில் இல்லாதவருக்கு அந்த இடமும் இல்லை.

சட்டம் இப்படி. ஆனால் சட்டம் சொல்வதையெல்லாம் நியாயம் என்று நான் ஏற்கவில்லை. இந்த விஷயத்தில் சட்டம் பாதி வழியில் நிற்கிறது.

2023-ல் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அந்த நாட்டில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடையாது. கையில் காசு வைத்துக்கொண்டு போய் நின்றாலும் விற்க ஆள் இல்லை. அதே வருடம் மார்ச் 27-ஆம் தேதி நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ என்ற இரண்டு கன்சோல்களின் ஆன்லைன் கடைகளையும் மூடியது. அங்கே மட்டும் விற்ற கேம்கள் அன்றோடு சந்தையிலிருந்து போய்விட்டன. 'நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்' என்று 2000-ல் வந்த அருமையான ஸ்பை கேம். அதை மறுபடி வெளியிட நைட்டைவ் என்ற நிறுவனம் முயன்றது. உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பெரிய பெரிய கம்பெனிகளின் வாசலில் ஏறி இறங்கியும் ஒப்பந்தம் கூடவில்லை. விற்கவும் மாட்டார்கள், விற்க விடவும் மாட்டார்கள்.

இப்படிப்பட்ட ஒரு கேமை வீட்டில் ஒருத்தர் காப்பி எடுத்து ஆடினால் யாருக்கு என்ன நஷ்டம்? உரிமையாளர் பெட்டியிலிருந்து ஒரு ரூபாய் குறையவில்லை. இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இன்னும் சொல்கிறேன். கம்பெனிகளே தங்கள் கேமைப் பத்திரமாக வைத்திருக்கவில்லை. சைலன்ட் ஹில் 2, 3 என்ற இரண்டு கேம்களையும் மெருகேற்றி 2012-ல் கொனாமி கம்பெனி வெளியிட்டபோது, முதலில் வெளியான கேமின் இறுதி மூலநிரல் அவர்களிடமே இல்லை. அரைகுறைக் கட்டத்தில் இருந்த நிரலை வைத்து ஒப்பேற்றினார்கள். வந்த பிழைகளை ரசிகர்கள் இன்றும் திட்டுகிறார்கள். ஜப்பானில் 1995 முதல் 2000 வரை நிண்டெண்டோவின் சாட்டலாவியூ சேவையில் செயற்கைக்கோள் வழியாக கேம் ஒளிபரப்பானது. அவற்றில் இன்று நம்மிடம் இருப்பவை, யாரோ சிலர் வீட்டு அலமாரியில் கிடந்த மெமரி பேக்குகளிலிருந்து ஆர்வலர்கள் நகலெடுத்துக் காப்பாற்றியவை.

மேக்ஸ் பெய்ன் 2 என்ற கேமின் கதை எல்லாவற்றுக்கும் மேல். 2010-ல் ராக்ஸ்டார் நிறுவனம் அந்தக் கேமை ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் விற்றுக்கொண்டிருந்தது. டிஸ்க் உள்ளே இருந்தால்தான் ஓடும் என்ற பூட்டோடு வந்த கேம், டவுன்லோடு செய்தவரிடம் டிஸ்க் இல்லாமல் ஓட வேண்டுமே? யாரோ அந்த ஃபைலைத் திறந்து பார்த்தால், உள்ளே 'மித்' என்ற, கேம்களின் பூட்டை உடைக்கும் கிராக்கர் கும்பலின் முத்திரை எழுத்து வடிவில் உட்கார்ந்திருக்கிறது. எந்தக் கும்பலைத் திருடர்கள் என்று தொழிலே சொல்லி வந்ததோ, அவர்கள் உடைத்த ஃபைலையே எடுத்துக் காசுக்கு விற்றிருக்கிறார்கள். விஷயம் வெளியே வந்ததும் ஃபைலை மாற்றினார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், வெளியே கிடைக்காத பழைய கேம்களை ஆய்வாளர்கள் நூலகத்துக்கு நேரில் வராமல் தொலைவிலிருந்தே ஆடிப் பார்க்க அனுமதி வேண்டும் என்று கேட்டபோது, கேம் தொழில் சங்கம் எதிர்த்தது. 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமும் மறுத்துவிட்டது. ஆய்வு என்று சொல்லிவிட்டு ஜாலிக்கு ஆடிவிடுவார்களாம். நூலகத்தில் இருக்கும் ஒரு நாவலை ஜாலிக்குப் படித்தால் யாரும் கேட்பதில்லை.

இனி அந்தக் குச்சிக்கு வருகிறேன். இங்கே என் தொனி மாறும்.

அப்படி ஒன்றின் மெமரி கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டுப் பார்த்திருக்கிறேன். வரிசையாக ஃபோல்டர்கள், கன்சோலுக்கு ஒன்று. பத்தாயிரம் என்பது முதல் பொய். ஒரே கேமின் ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கப் பதிப்புகள் தனித்தனியாகக் கணக்கில் ஏறியிருக்கும். ஒரே கேம் மூன்று பெயரில் இருக்கும். கன்சோலில் செருகி ஆடிய அந்தக் காலத்து '9999 இன் 1' கேம் கேசட்டில் நடந்ததும் இதுதான். காண்ட்ரா என்ற ஒரே கேமையே ஒரு வரிசையில் முதல் ஸ்டேஜிலிருந்தும் இன்னொரு வரிசையில் மூன்றாம் ஸ்டேஜிலிருந்தும் தொடங்க வைத்து இரண்டு கேம் என்பார்கள். கேசட்டைப் பிரித்தால் பெரிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் சின்னதாக ஒரு பச்சைப் பலகை, அதன் நடுவில் கறுப்புப் பிசின் பொட்டு. அவ்வளவுதான் சரக்கு.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்புகிறது. இந்த மாதிரிச் சாமான்களில் ஓடுகிற எமுலேட்டர்கள் எல்லாம் தன்னார்வலர்கள் வருடக்கணக்கில் ராத்திரி கண் விழித்து எழுதியவை. எஸ்நெஸ்9எக்ஸ், ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ் என்ற இரண்டு எமுலேட்டர்களின் உரிமத்திலும் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ரசிகர் மொழிபெயர்ப்புகளும் அப்படித்தான். மதர் 3 என்ற கேம் ஜப்பானில் 2006-ல் வந்தது. ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமாக வரவே இல்லை. ரசிகர்கள் சேர்ந்து 2008-ல் முழுக் கேமையும் மொழிபெயர்த்து இலவசமாகக் கொடுத்தார்கள். அதையே கேசட்டில் ஏற்றி, பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டி, நல்ல விலைக்கு விற்கிறார்கள். உழைத்தவர் ஒரு பைசா பார்க்கவில்லை. கம்பெனியிடமிருந்து எடுக்கிறோம் என்று சமாதானம் சொல்கிறவர்கள், இலவசமாகக் கொடுத்தவரிடமிருந்தும் எடுக்கிறோம் என்பதைச் சொல்வதே இல்லை.

மூன்றாவது, வாங்குகிறவரை ஏமாற்றுவது. என் அக்கா பையன் சேர்த்து வைத்த காசில் போக்கிமான் எமரால்டு கேசட்டை 'ஒரிஜினல்' என்று நம்பி ஆன்லைனில் ஒருவரிடம் வாங்கினான். லீவு முழுக்க ஆடி, கடைசியில் வருகிற எலீட் ஃபோர் என்ற நான்கு எதிராளிகளையும் ஜெயித்தான். மறுநாள் ஆன் செய்தால், அதுவரை ஆடியதைச் சேமித்து வைத்திருந்த சேவ் ஃபைல் இல்லை. பிரித்துப் பார்த்தேன். பலகையில் நிண்டெண்டோ என்ற எழுத்தே கிடையாது, பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி. விற்றவர் அதற்குள் கணக்கை மூடிவிட்டார். அவன் அழுததைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பணக்காரக் கம்பெனியிடம் எடுத்து ஏழைக்குக் கொடுக்கிறோம் என்கிற நியாயமெல்லாம் இதில் பேசாதீர்கள்.

விளம்பரத்தை அள்ளித் தெளித்து ரோம் கொடுக்கிற தளங்களையும் நான் விற்பனையில்தான் சேர்ப்பேன். 2018-ல் லவ்ரோம்ஸ் தளத்தின் மேல் நிண்டெண்டோ வழக்குப் போட்டு 1.2 கோடி டாலருக்கும் மேல் தீர்ப்பு வாங்கியது. தொகை ரொம்பவே அதிகம் என்று நினைக்கிறேன், ஆனால் வழக்குப் போட்டதே தப்பு என்று சொல்ல மாட்டேன்.

இதற்கு எதிராக வருகிற வாதங்களில் ஒன்றுக்கு மட்டும் நான் மரியாதை கொடுக்கிறேன். "அந்தக் காலத்தில் திருட்டு கேசட் இல்லையென்றால் நாம் யாருமே மரியோவைப் பார்த்திருக்க மாட்டோமே?" உண்மை. 90-களில் நம் ஊர்களில் 'டிவி கேம்' என்று வந்தவை பெரும்பாலும் தைவான், சீனத் தயாரிப்பு நகல்கள். வேறு வாசல் நமக்குத் திறந்திருக்கவில்லை. காண்ட்ராவில் 30 உயிர் வாங்கித் தருகிற அந்த 'மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ' வரிசையை முதலில் கொண்டுவந்தவர் கொனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோ. கிரேடியஸ் கேமைச் சோதிக்கும்போது கஷ்டமாக இருந்ததால் தனக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. அவர் 2020-ல் இறந்தபோது நம் ஊர்க்காரர்களும் டைம்லைனில் அஞ்சலி போட்டோம். அந்த நன்றியை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று வேறு வழியில்லை என்பது இன்றைய வியாபாரத்துக்கு லைசென்ஸ் ஆகாது. அதே காண்ட்ரா 2019 முதல் தொகுப்பாக ஸ்டீமில் முறையாகக் கிடைக்கிறது. கிடைப்பதை வாங்குங்கள்.

விற்கிறவர்கள் மனது வைத்தால் நகல் வியாபாரத்தை ஜெயிக்க முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1986-ல் நிண்டெண்டோவே ஜப்பான் கடைகளில் ஒரு இயந்திரத்தை வைத்தது. பழைய டிஸ்க்கைக் கொண்டுபோய் 500 யென் கொடுத்தால் புதுக் கேமை அதிலேயே எழுதித் தரும். போலந்தில் சிடி புரொஜெக்ட் என்ற கேம் நிறுவனம் தலையெடுத்தபோது திருட்டு சிடி வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. அவர்கள் 1999-ல் பால்டர்ஸ் கேட் கேமைப் போலிஷ் மொழியில், நல்ல நடிகர்களின் குரலில், கனமான பெட்டியில் வரைபடமெல்லாம் வைத்துக் கொண்டுவந்தார்கள். சந்தை நகலில் இதெல்லாம் வராது. மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். அந்த நிறுவனம்தான் 2008-ல் பழைய கேம்களுக்கென்றே ஜிஓஜி என்ற கடையைத் திறந்தது.

சட்டம் எப்படி மாற வேண்டும்? நம் சட்டத்துக்குள்ளேயே விதை இருக்கிறது. லாபத்துக்காகச் செய்யாதவருக்குத் தண்டனையைக் குறைக்கலாம் என்று 63, 63பி இரண்டிலும் விதிவிலக்கு எழுதியிருக்கிறார்கள். அதைத் தண்டனை குறைப்பு என்ற அளவில் நிறுத்தாமல், சந்தையில் இல்லாத கேமைப் பாதுகாப்புக்காகவும் சொந்தப் பயனுக்காகவும் நகலெடுப்பது குற்றமே இல்லை என்று எழுத வேண்டும். வெளியிட்ட படைப்பை உரிமையாளர் மறுபடி வெளியிட மறுத்து மக்களிடமிருந்து மறைத்து வைத்தால், அவருக்கு உரிய தொகை கொடுத்து வெளியிட இன்னொருவர் கட்டாய உரிமம் கேட்கலாம் என்று 31ஆம் பிரிவு சொல்கிறது. உரிமையாளரையே கண்டுபிடிக்க முடியாவிட்டால் 31ஏ. இந்தக் கதவுகளைக் கேமுக்காகத் தட்ட நம்மில் வக்கீல்கள் யாராவது முன்வர வேண்டும்.

இது விபரீத யோசனை இல்லை. பாரதியார் பாடல்களை 1949-ல் அரசு நாட்டுடைமை ஆக்கிய ஊர் நம்முடையது. இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். பிரான்சில் 1992 சட்டப்படி வீடியோ கேம் பிரதிகள் தேசிய நூலகத்துக்குப் போயாக வேண்டும். இங்கே நூலும் பத்திரிகையும் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போகின்றன. அதே மாதிரி இந்தியாவில் எழுதப்படுகிற கேமின் ஒரு பிரதியும் போகட்டும் என்று கேட்கிறேன்.

கடை வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒன்று. நகல் விற்காமல் பிழைக்க முடியாது என்று என்னிடம் சொல்லாதீர்கள். ஒரிஜினல் கேசட்டை வாங்கி விற்பதில் யாருக்கும் துரோகம் இல்லை. பின்னைச் சுத்தம் செய்வது, செத்துப்போன சேவ் பேட்டரியை மாற்றுவது, உப்பிய கெபாசிட்டரை எடுத்துப் புதுசு வைப்பது, பழைய கன்சோலைப் புது டிவியில் ஓட வைப்பது, இத்தனைக்கும் ஆள் கிடைக்காமல் இந்த ஊரில் எத்தனையோ பேர் அலைகிறார்கள். அந்த வேலை தெரிந்தவர் யாராவது இருந்தால் கமென்ட்டில் ஊர் பேரோடு சொல்லுங்கள், நானே ஆள் அனுப்புகிறேன்.