தைலம் எலும்பு வரை இறங்குமா?

ஆயுர்வேதத் தைலங்களை விற்போர் இரண்டு செய்திகளை ஒரே மூச்சில் சொல்வதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். தேய்த்த தைலம் தோலைக் கடந்து எலும்பு மஜ்ஜை வரை இறங்கும் என்பது ஒன்று. வெளிப்பூச்சுதானே, பக்கவிளைவே கிடையாது என்பது மற்றொன்று. உள்ளே போய் மருந்தாக வேலை செய்யும் பொருள், உள்ளே போன காரணத்தாலேயே தீங்கும் செய்யக்கூடும் என்பதால், இவ்விரண்டையும் ஒருசேர நம்ப என்னால் இயலவில்லை.

மஜ்ஜைக் கணக்கு யாரோ புதிதாகக் கட்டிவிட்டதன்று. பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதைக்கு டல்ஹணர் என்ற உரையாசிரியர் எழுதிய உரையில் அது உள்ளது: 300 மாத்திரை நேரம் தேய்த்தால் எண்ணெய் மயிர்க்கால்களை அடையும், 400-இல் தோலை, 500-இல் இரத்தத்தை, அப்படியே தசை, கொழுப்பு, எலும்பு என்று இறங்கி 900-இல் மஜ்ஜையை எட்டும். ஒரு மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம் என்பதால் 900 மாத்திரையும் சில நிமிடங்களுக்குள் அடங்கிவிடும். எவ்வளவு நேரம் தேய்க்க வேண்டும் என்று மருத்துவனுக்குத் தரும் வழிகாட்டலாகவே இதை நான் படிக்கிறேன். எண்ணெயின் பயணத்தை யாரும் அளந்து எழுதிய குறிப்பாக அல்ல. அதைவிட ஆழமானதாக எனக்குத் தோன்றுவது, தோலில் உறையும் பிராஜக பித்தம் என்னும் செரிமான ஆற்றலே பூசுவதையும் தேய்ப்பதையும் செரிக்கிறது என்று சுசுருதம் சொல்லும் இடம்தான். மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் தோலிலேயே இருப்பதை இன்றைய அறிவியலும் ஏற்கிறது.

ஆனால் தோலின் முதல் வேலை தடுப்பது. அதன் மேற்புறத்தில் இறந்த செல்களாலான படலம், உடலின் பெரும்பகுதியில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமனே உடையது என்றாலும், பெரிய மூலக்கூறுகளை எளிதில் விடாது. ஏறத்தாழ 500 டால்டனுக்கு (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்டவை கடப்பது அரிது என்ற வரம்பை போஸ், மெய்னார்டி என்ற இருவர் 2000-இல் முன்வைத்தனர். நல்லெண்ணெயின் முதன்மையான கொழுப்பு மூலக்கூறுகளோ 880 டால்டன் அளவில் உள்ளவை. ஆகவே வளர்ந்தவரின் நலமான தோலில் எண்ணெயின் பெரும்பங்கு மேலடுக்குகளிலேயே தங்கிவிடுகிறது. அதில் கரைந்துள்ள சிறு மூலக்கூறுகளின் கதை வேறு. கற்பூரம் 152, எள்ளிலேயே இயல்பாக உள்ள செசமின் 354.

எனவே எண்ணெய் போகிறதா என்பதைவிட, எண்ணெயில் என்ன கரைந்திருக்கிறது என்பதே முக்கியமான கேள்வி. கல்கம் எனப்படும் அரைத்த மூலிகை விழுது ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு, கஷாயம் முதலான நீர்ப்பொருள் பதினாறு பங்கு என்பது ஆயுர்வேத நூலாசிரியர் சார்ங்கதரர் சொல்லும் பொது அளவு. நீர் முழுதும் வற்றும் வரை காய்ச்சி, கல்கத்தை விரலால் உருட்டித் திரியாக்கித் தீயில் காட்டினால் சடசடக்காமல் எரிய வேண்டும். எண்ணெயில் நுரை எழும்ப வேண்டும். இத்தனை நேரக் கொதிப்பில் மணமுள்ள பொருள்கள் ஆவியாகிவிடும் என்று அறிந்துதான், கற்பூரத்தை உலையில் இடாமல், வடிகட்டும் பாத்திரத்தில் இட்டு அதன்மேல் சூடான தைலத்தை வடிக்கிறார்கள். நீரில் மட்டும் கரையும் சத்துகள் எண்ணெய்க்குப் பெரிதாக வந்து சேர்வதில்லை என்பதால், மூலிகைப் பட்டியல் நீண்டிருப்பது தைலத்தின் வீரியத்துக்குச் சான்றாகாது.

தேய்க்கும் இடமும் கணக்கில் வரும். ஃபெல்ட்மன், மெய்பாக் இருவரும் 1967-இல் ஹைட்ரோகார்டிசோன் என்ற மருந்தை வைத்து அளந்தபோது, முன்கையின் உட்புறம் உறிஞ்சியதை 1 என்று கொண்டால் உச்சந்தலைத் தோல் 3.5, நெற்றி 6, உள்ளங்கால் வெறும் 0.14 என்று கிடைத்தது. பாதத்தில் தேய்த்தால் உடலெங்கும் மருந்து பரவும் என்பதற்கு இந்த எண் இடம் தரவில்லை. பாத அப்யங்கத்தில், அதாவது பாதத்தில் எண்ணெய் தேய்ப்பதில், கிடைக்கும் சுகம் மெய்யானதுதான். அதைத் தருவது கையின் அழுத்தமும் சூடும் நரம்புகளும் என்று சொன்னால் அந்தச் சிகிச்சைக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

பச்சிளங்குழந்தைகளின் தோல் இந்தக் கணக்குகளுக்கு வெளியே நிற்கிறது. எண்ணெய் தேய்த்த குழந்தைகளின் இரத்தத்தில் அந்தந்த எண்ணெய்க்குரிய கொழுப்பு அமிலங்கள் கூடியதை 2005-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு காட்டியது. தோல் வழியே சென்ற கற்பூரத்தால் சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வந்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அஜீரணம் உள்ளவருக்கும் கபம் மிகுந்தவருக்கும் அப்யங்கம் கூடாது என்று அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூலே விலக்குகிறது. பக்கவிளைவே இல்லை என்ற பேச்சு அந்த நூல்களிலிருந்து வந்ததன்று. கைக்குழந்தைக்குத் தைலம் வாங்குவோர், குப்பியின் பின்புறச் சீட்டில் கற்பூரம் உள்ளதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இருந்தால் மருத்துவரைக் கேளாமல் தேய்க்க வேண்டாம்.